எஞ்சின் மாற்றிய பழைய லாரியில் மிஸ்ஸிங்: தேடலை எங்கே தொடங்குவது?

நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்குச் சரக்கு ஏற்றிவரும் பழைய லாரிகளில், கம்பெனி பூட்டி அனுப்பிய எஞ்சின் இன்றும் இருக்கும் என்று சொல்ல முடியாது. போரிங் செய்து, லைனர் மாற்றி, கிராங்க் தேய்த்து, இனி வழியில்லை என்றானதும் வேறு வண்டியில் கழற்றியதையோ ரீகண்டிஷன் செய்ததையோ வாங்கிப் பூட்டுகிறார்கள். பழைய வண்டிக்கு உரிமையாளர் செய்யும் செலவுகளில் மிகப் பெரியது இதுதான். அதைச் செய்து முடித்துக் களியக்காவிளை தாண்டுவதற்குள் வண்டி உதறத் தொடங்கினால், வழக்கமான சுற்று ஆரம்பமாகிறது. எஞ்சின் விற்றவர் பம்பைக் குறை சொல்வார். பம்ப் கடைக்காரர் எஞ்சினில் கம்ப்ரஷன் இல்லை என்பார். பூட்டிய மெக்கானிக் டீசல் சரியில்லை என்பார். “ஆசானே, எஞ்சினே மாத்தியாச்சு, இன்னும் மிஸ்ஸிங் நிக்கல்லியே” என்று டிரைவர் கேட்கும் கேள்விக்கு மூவரிடமும் பதில் இருக்காது.

இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் உண்டு என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. எஞ்சின் மாற்றிய பிறகு வரும் மிஸ்ஸிங்கை, அதாவது சிலிண்டர் எரியாமல் விட்டுப்போவதை, மாற்றும்போது கை பட்ட இடங்களில் முதலில் தேட வேண்டும். பழைய வண்டியும் வந்த எஞ்சினும் சந்திக்கும் இடங்கள் அவை: டீசல் குழாய், வாஷர், பம்ப், பைப், எர்த் கம்பி. எஞ்சினின் வயிற்றைப் பிரிப்பது கடைசி வேலை. சோதனைகளும் செலவில்லாததில் தொடங்கிச் செலவுள்ளதை நோக்கிப் போக வேண்டும். நடைமுறையில் இதற்கு நேர் எதிராகத்தான் பல இடங்களில் நடக்கிறது.

டீசல் எஞ்சினுடன் திருவனந்தபுரத்துக்குள்ள பழக்கம் நீண்டது. 1938 பிப்ரவரி 20 அன்று ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசுப் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தபோது, இங்கிலாந்திலிருந்து வந்த காமர் சேசிஸ்களில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் இருந்தது. லண்டன் போக்குவரத்துத் துறையிலிருந்து வந்த சால்டர் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் அவற்றுக்கு இங்கேயே பாடி கட்டினார்கள். 1965-இல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் உருவானது. பாப்பனங்கோட்டில் இருக்கும் அதன் மத்தியப் பணிமனையின் பெயர் இங்குள்ள மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரியும். பெரிய பணிமனை ஒன்றில் எஞ்சினை வண்டியில் ஏற்றும் முன் ஸ்டாண்டில் ஓட்டிப் பார்க்க முடியும். தனி லாரிக்காரருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்குச் சோதனைக்கூடம் சாலைதான். கோளாறு வெளிப்படுவது முழு லோடோடு ஏற்றத்தில் நிற்கும்போது.

பழைய லாரி என்று இங்கே சொல்வது பெரும்பாலும் டாடா 1210, 1612, 1613 வகைகளையும், லேலண்ட் காமெட் வழிவந்த வண்டிகளையும், சிறியதில் 407-ஐயும். டாடாவின் 697 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர், 97 மி.மீ. துளை, பெயரிலேயே அது இருக்கிறது. வீச்சு 128 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 5,675 க.செ.மீ. 1954-இல் டெல்கோ நிறுவனம் டைம்லர்-பென்ஸுடன் கைகோத்த காலத்தின் வழித்தோன்றல் அது. பெட்ரோல் வண்டியில் மிஸ்ஸிங் என்றால் பிளக், காயில், டிஸ்டிரிபியூட்டர் என்று பொறி வரும் வழியைப் பார்ப்போம். டீசலில் பொறி கிடையாது. காற்று போதுமான அளவு நசுங்கிச் சூடேற வேண்டும். சரியான நேரத்தில், சரியான அளவு டீசல், தூறலாகச் சிதறி உள்ளே விழ வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் அந்த சிலிண்டர் வேலை செய்யாது.

மிஸ்ஸிங்கின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடுகிறது என்றால், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 300 முறை, அதாவது நொடிக்கு 5 முறை எரிகிறது. ஆறும் சேர்ந்தால் நொடிக்கு 30. ஒன்று செத்தால் நொடிக்கு 5 முறை ஒரு வெற்றிடம் விழுகிறது. கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு ஸ்டியரிங்கில் அது தெரியும். பின்னால் நிற்பவருக்கு சைலன்சரில் கேட்கும். அந்த வெற்றிடம் ஒரே சீராக விழுகிறதா, முன்னும் பின்னுமாக விழுகிறதா என்று கவனிப்பதுதான் நோயறிதலின் முதல் படி. ஸ்பானரை எடுக்கும் முன் சில நிமிடம் காது கொடுத்துக் கேட்பவரே நல்ல மெக்கானிக்.

சீராக விழுந்தால் குறை ஒரு குறிப்பிட்ட சிலிண்டரில் இருக்கிறது: நாசில், பைப், டாப்பெட், வால்வு, கம்ப்ரஷன், அல்லது பம்பில் அந்த சிலிண்டருக்கு உரிய எலிமென்ட். இங்கும் அங்குமாக விழுந்தால் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒன்றில் இருக்கிறது: டீசலில் காற்று, ஃபில்டர் அடைப்பு, ஃபீட் பம்ப், டைமிங். ஐடிலில் நன்றாக இருந்து தென்மலை, ஆரியங்காவு ஏற்றத்தில் மட்டும் இழுவை விட்டுப்போனால், கேட்கும் அளவுக்கு டீசல் வந்து சேரவில்லை என்று முதலில் சந்தேகிக்கலாம். காலையில் குளிர்ந்த நிலையில் வெள்ளைப் புகையோடு மிஸ் ஆகி, சூடானதும் சரியானால் கம்ப்ரஷன் குறைவு, தாமதமான டைமிங், சொட்டும் நாசில் ஆகிய மூன்றில் ஒன்று இருக்கும். சூடான பிறகுதான் மிஸ் ஆகிறது என்றால் டாப்பெட்டைப் பாருங்கள். இடைவெளி இறுக்கமாக வைத்த வால்வு, சூட்டில் நீண்டு, சீட்டில் முழுதாக உட்காராமல் கம்ப்ரஷனை விட்டுவிடும். எஞ்சின் மாற்றிய வண்டிகளில் இது அடிக்கடி நேர்வது. முதல் ஓட்டத்துக்குப் பிறகு, அந்த எஞ்சினின் கையேடு சொல்கிறபடி ஹெட் போல்ட்டைச் சரிபார்த்து டாப்பெட்டை மறுபடி வைக்கும் வேலையை, வண்டி லோடுக்குப் போகும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

எந்த சிலிண்டர் செத்தது என்று கண்டுபிடிக்கும் முறை பழையது, நம்பகமானது. ஐடிலைச் சற்றுக் கூட்டி வைத்து, நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்த வேண்டும். வேலை செய்யும் சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் தடுமாறும். தளர்த்தியும் சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் செத்த சிலிண்டர். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு வாய்க்கு அருகிலும் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. மற்ற இடங்களில் சீறி ஆவியாகும் தண்ணீர், செத்த சிலிண்டரின் வாயருகே அப்படியே வழியும். ஒரு எச்சரிக்கை: நாசில் திறப்பதே சுமார் 200 கிலோ அழுத்தத்தில். தெறிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம். கையை அருகில் நீட்டக் கூடாது, நட்டின் மேல் துணி போட வேண்டும். இந்தச் சோதனை பழைய பம்ப் வண்டிகளுக்கு மட்டுமே. காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் ஆயிரம் கிலோவைத் தாண்டும். அதில் எஞ்சின் ஓடும்போது பைப் நட்டில் ஸ்பானரே படக்கூடாது.

செத்த சிலிண்டர் தெரிந்ததும் செய்ய வேண்டியது, அதன் நாசிலைப் பக்கத்து சிலிண்டரின் நாசிலோடு மாற்றிப் போடுவது. மிஸ்ஸிங் நாசிலோடு நகர்ந்தால் குறை நாசிலில். அங்கேயே நின்றால் நாசில் குற்றமற்றது. பைப், பம்ப், கம்ப்ரஷன் பக்கம் போகலாம். இவ்வளவு தெளிவான சோதனை இருக்க, ஆறு நாசிலையும் மொத்தமாக மாற்றச் சொல்வது உரிமையாளரின் பணத்தை வீணாக்குவது. நாசிலைக் கழற்றும்போது அதன் அடியில் உள்ள செம்பு வாஷரையும் பார்க்க வேண்டும். பழைய வாஷர் குழியிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதைப் போட்டுப் பூட்டியிருந்தால் நாசில் முனை உயர்ந்துவிடும். டீசல் பிஸ்டன் குழியில் விழ வேண்டிய இடத்தில் விழாது. வாஷரே இல்லாவிட்டால் கம்ப்ரஷன் அந்த வழியே கசியும். இரண்டுமே வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத குறைகள்.

இனி, எங்கே தொடங்குவது என்பதில் ஒர்க்‌ஷாப்புகளில் உள்ள மூன்று கருத்துகளுக்கு வருவோம். பம்பைக் கழற்றி லேபுக்கு அனுப்பு என்பது ஒன்று. கம்ப்ரஷன் பார்த்துவிட்டு மற்றதைப் பேசு என்பது இன்னொன்று. முதலில் காற்றை எடு என்பது மூன்றாவது. எஞ்சின் மாற்றிய வண்டியைப் பொறுத்தவரை மூன்றாவது கருத்தே சரி என்பது என் முடிவு. காரணம், எஞ்சினை இறக்கி ஏற்றும்போது டீசல் லைன் கண்டிப்பாகப் பிரிக்கப்படுகிறது. அதில் கை படாமல் எஞ்சின் மாறுவதில்லை.

இங்கே மெக்கானிக்கை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்தப் பகுதியில் ஒரு விரிசல் இருந்தால் டீசல் வெளியே கசியாது. காற்று உள்ளே போகும். வெளியே ஈரம் இல்லை, ஆகவே லைன் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது இதனால்தான் தவறு. பழைய ரப்பர் ஹோஸ், புதிய எஞ்சினில் சற்றுத் தள்ளி அமைந்த ஃபீட் பம்புக்கு எட்டுவதற்காக இழுத்து மாட்டப்பட்டிருக்கும். கிளிப்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்திருக்கும். பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கியதையே திரும்பப் போட்டிருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டாம். சுத்தமான டீசல் கேன் ஒன்றை எஞ்சினுக்கு மேலே உயரத்தில் கட்டி, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் வழியாக நேரே ஃபீட் பம்புக்குக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். மிஸ்ஸிங் நின்றால் குறை டேங்க்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில்தான். நிற்காமல் குழாயில் குமிழியும் இல்லையென்றால் அந்தப் பகுதியை மறந்துவிட்டு மேலே போகலாம்.

இன்னொரு சிறிய பொருள், பெரிய தொல்லை தருவது: பம்பின் ஓவர்ஃப்ளோ வால்வு. பார்ப்பதற்குச் சாதாரண பேஞ்சோ போல்ட் மாதிரியே இருக்கும். உள்ளே ஸ்பிரிங் வைத்த வால்வு இருப்பது வெளியே தெரியாது. பம்பின் உள்ளறையில் டீசல் அழுத்தத்தைத் தக்கவைப்பது அதுதான். பழைய எஞ்சினோடு அது போய்விட, கையில் கிடைத்த வெறும் போல்ட்டைப் போட்டுப் பூட்டினால், ஐடிலில் குறை தெரியாது. லோடில் எலிமென்ட்டுகளுக்கு டீசல் போதாமல் வண்டி மூச்சுத் திணறும். இதற்காகப் பம்பையே பிரித்து வேலை பார்த்துவிட்டு, பிறகு போல்ட்டைக் கண்டுபிடிப்பது வீண் செலவு.

அடுத்தது பம்ப் பூட்டிய விதம். இந்த வட்டாரத்தில் இன்றும் “மைகோ பம்ப்” என்றுதான் சொல்கிறார்கள். 1951-இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி 2008-இல் பாஷ் என்று பெயர் மாறிய பிறகும் பழைய பெயர் போகவில்லை. பம்ப் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. பிஸ்டன் மேலே வருவது ஒரு சுழற்சியில் இரண்டு முறை: ஒன்று கம்ப்ரஷனில், மற்றது எக்ஸாஸ்ட்டில். ஃபிளைவீல் குறி இரண்டுக்கும் ஒன்றே. எக்ஸாஸ்ட் நேரத்தில் வைத்துப் பம்பைப் பூட்டினால் கிராங்கில் 360 டிகிரி தவறிவிடும். வெள்ளைப் புகை வரும், வண்டி ஓடாது. முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்ய, ஆறாம் சிலிண்டரின் வால்வுகளைப் பார்க்க வேண்டும். அங்கே ஒன்று மூடி மற்றது திறக்கும் தருவாயில் இருந்தால் முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது. ஒரு பல் மட்டும் தவறினால் வண்டி ஓடும். ஆனால் தாமதமானால் புகை, முந்தினால் தட்டல். சரியான அளவுக்கு, முதல் எலிமென்ட்டின் டெலிவரி வால்வை எடுத்துவிட்டு வளைந்த குழாய் மாட்டி, கிராங்கை ஓடும் திசையில் மெல்லத் திருப்பி, டீசல் ஒழுக்கு சொட்டாகி நிற்கும் புள்ளியைப் பிடிக்க வேண்டும். அந்தப் புள்ளி எத்தனை டிகிரியில் வர வேண்டும் என்பதை அந்த எஞ்சினின் கையேட்டில் பார்க்க வேண்டும். பக்கத்து வண்டியின் அளவு உதவாது.

டைமிங் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டைமிங் கியர் தவறினால் பாதிப்பு எல்லா சிலிண்டருக்கும் வரும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் செத்திருக்கும்போது முன் கவரைப் பிரித்து டைமிங் கியரைத் தேடுவது வீண் வேலை.

பைப் மாறிப்போவதும் உண்டு. ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் எரியும் வரிசை 1-5-3-6-2-4. இன்லைன் பம்பில் முதல் எலிமென்ட் முதல் சிலிண்டருக்கு, இரண்டாவது இரண்டாவதுக்கு என்று நேராகப் போகும். வளைத்து வந்த பைப்புகள் என்பதால் மாறுவது கடினம். இரண்டு எஞ்சின்களின் பைப்புகளைக் கலந்து மாட்டினால் மட்டுமே குழப்பம் வரும். ரோட்டரி பம்பில் வாய்கள் வட்டமாக, எரியும் வரிசைப்படி அமைந்திருப்பதால் தவறு எளிது. ஆறு சிலிண்டரில் 2-ம் 5-ம் மாறிவிட்டால் இரண்டு பிஸ்டனும் ஒன்றாகவே மேலே வருகின்றன. ஆனால் டீசல் விழுவது எக்ஸாஸ்ட் நேரத்தில். இரண்டும் எரியாமல் வெண்புகையாகக் கக்கும்.

இத்தனையும் சரியென்றால் கம்ப்ரஷன். நாசில் துளை வழியாகக் கேஜ் வைத்து எல்லா சிலிண்டரையும் அளந்து, ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்தால் வால்வு அல்லது ரிங். அடுத்தடுத்த இரண்டு தாழ்ந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். கழற்றிய எஞ்சின் எப்படிக் கிடந்தது என்று கேட்டறிவதும் சோதனையின் ஒரு பகுதி. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரு மழைக்காலம் உள்ள ஊர் இது. வாய் மூடாமல் முற்றத்தில் கிடந்த எஞ்சினில் ரிங் ஒட்டும், லைனர் துருப்பிடிக்கும், வால்வு தண்டு சிக்கும். அது ஓடத் தொடங்கிய பிறகு தானாகச் சரியாகும் என்று சொல்பவர்கள் உண்டு. ஒட்டிய ரிங் சில சமயம் விடுபடலாம். துரு தின்ற லைனர் திரும்பி வராது.

பொருந்தாத எஞ்சினைப் பூட்டுவது தனிக் கதை. 1210-இல் இருந்த டர்போ இல்லாத 697-க்குப் பதிலாக டர்போ வைத்த 697-ஐப் போட்டு, செலவு மிச்சம் என்று பழைய பம்பையும் நாசிலையும் மாட்டுவார்கள். பிளாக் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் டீசல் அளவு வேறு. அப்படிப் பூட்டிய வண்டியில் வருவது மிஸ்ஸிங்கா, இழுவைக் குறைவா, கரும்புகையா என்று பிரித்தறிவதே சிரமம். பம்பின் தகட்டு எண்ணும் எஞ்சின் வகையும் ஒத்துப்போகின்றனவா என்று பூட்டும் முன் பார்ப்பதே வழி.

2010-க்குப் பிறகு படிப்படியாக வந்த காமன் ரெயில் லாரிகளும் இப்போது பழையவை ஆகிவருகின்றன. அவற்றில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு குறியீடு உண்டு. எஞ்சினோடு இன்ஜெக்டரும் மாறியிருக்க, பழைய குறியீடே கம்ப்யூட்டரில் இருந்தால் ஐடில் உதறும். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவிலுள்ள எர்த் பட்டையை மாட்ட மறப்பதும், பெயிண்ட் மேலேயே மாட்டுவதும் விசித்திரமான கோளாறுகளைத் தரும். விழிஞ்ஞம், வலியதுறை போன்ற கடலோரத்தில் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்று அந்த இணைப்பை இன்னும் விரைவாக அரிக்கிறது. காமன் ரெயில் வண்டியில் எஞ்சினைச் சந்தேகிக்கும் முன் ஸ்கேனரையும் மீட்டரையும் எடுக்க வேண்டும்.

உதறல் எல்லாம் மிஸ்ஸிங் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். மவுண்டிங் ரப்பர் போயிருந்தாலும், கிளட்ச் ஹவுசிங் நேராக உட்காராவிட்டாலும் வண்டி நடுங்கும். சைலன்சர் சத்தம் சீராக இருந்தால் எஞ்சினை விட்டுவிட்டு அங்கே பாருங்கள்.

மிஸ்ஸிங்கோடு ஓட்டிச் சமாளிக்கலாம் என்று நினைப்பது ஆபத்தானது. எரியாத டீசல் லைனர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு சம்ப்பில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் கூடியிருப்பதைப் பார்த்து மகிழ ஒன்றுமில்லை. டீசல் கலந்து ஆயில் நீர்த்திருக்கிறது, அடுத்துப் போவது பேரிங். ஃபிட்னெஸ் சோதனையிலும் தேறாது. பிஎஸ்-4-க்கு முந்தைய டீசல் வண்டிகளுக்குப் புகை அடர்த்தி வரம்பு 65. வெண்புகை கக்கும் எஞ்சின் அதற்குள் நிற்பது கடினம். சட்டத்திலும் ஒரு கடமை இருக்கிறது: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி எஞ்சின் மாற்றத்தை 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, ஆர்.சி.யில் பதிய வேண்டும். எஞ்சின் எண் பொருந்தாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கேட்பதிலும் சிக்கல் வரலாம்.

உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். எஞ்சினுக்குப் பணம் கொடுக்கும் முன், எல்லா சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளவு, பம்பின் தகட்டு எண், டைமிங் வைத்த டிகிரி, எஞ்சின் எண் ஆகியவற்றை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தர மறுக்கும் கடையில் எஞ்சின் வாங்காதீர்கள்.